நாணல் செய்யாத வேலை

(ஜவ்வாது மலையடிவாரத்தில், திருப்பத்தூரில் விவசாயிகள், கல்லூரி மாணவர்கள், நகராட்சிப் பணியாளர்கள் கூடிய அவையில் ஆற்றிய உரை)



“கழிவிலிருந்து உரம்” என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். கேட்க இனிமையான தலைப்பு. ஆனால் கழிவுக்கும் உரத்துக்கும் நடுவில் ஒரு லாரி இருக்கிறது, ஒரு படுகை இருக்கிறது, குறைந்தது ஓர் ஆண்டுக் காத்திருப்பு இருக்கிறது, ஓர் ஆய்வகச் சீட்டு இருக்கிறது. அவற்றைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் இந்தப் பேச்சை வைத்ததற்குப் பொறுப்பு நான் அல்ல, விழாக் குழு.

முதலில் வீட்டிலிருந்து தொடங்குவோம். செப்டிக் டேங்க் என்பது ஒரு சுத்திகரிப்பு நிலையம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது பாதி வேலைதான் செய்கிறது. கனமானது அடியில் தங்கும், எண்ணெயும் நுரையும் மேலே மிதக்கும், நடுவில் உள்ள தண்ணீர் வெளியே போகும். அடியில் தங்கியது கசடாகச் சேர்ந்துகொண்டே இருக்கும். ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 230 லிட்டர் என்பது மத்திய அரசின் வழிகாட்டுதல்களில் எடுத்தாளப்படும் கணக்கு. ஐந்து பேர் உள்ள வீட்டில் மூன்று ஆண்டுகளில் ஏறக்குறைய 3,500 லிட்டர். அதாவது ஒரு லாரி லோடு. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கவேண்டும் என்பது அதனால்தான். நடைமுறையில் நாம் எப்போது லாரியைக் கூப்பிடுகிறோம்? கழிப்பறையில் தண்ணீர் இறங்காமல் நிற்கும் அன்று. அதுவும் உறவினர் வந்திருக்கும் நாளாகப் பார்த்து நிற்கும்.

லாரி வருகிறது, உறிஞ்சுகிறது, போகிறது. எங்கே போகிறது என்று நாம் கேட்பதில்லை. கேட்காத ஊர்களில் பதில் ஒன்றுதான்: ஓடை, ஏரிக் கால்வாய், சாலையோரப் பள்ளம், காட்டு ஓரம். சில இடங்களில் விவசாயியே கூப்பிட்டு நிலத்தில் கொட்டச் சொல்வார். பெங்களூருப் புறநகரில் தென்னைக்கும் வாழைக்கும் இப்படிப் பச்சைக் கசடை வாங்கிக் கொட்டிய விவசாயிகளைப் பற்றி ஆய்வுகளே வந்திருக்கின்றன. அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். செம்மண் காட்டில் நிலக்கடலை போட்டவருக்கு, மண்ணில் மட்கு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கேத்தாண்டப்பட்டி சர்க்கரை ஆலையின் பிரஸ்மட் கழிவு ஒரு லோடு கிடைத்தால் எத்தனை பேர் போட்டி போடுகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். கசடில் சத்து இருக்கிறது என்பதில் சந்தேகமே வேண்டாம். கூடவே வேறு என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

முதலில், புழு முட்டை. வயிற்றில் இருக்கும் உருண்டைப் புழு ஒன்று நாளொன்றுக்கு இரண்டு லட்சம் முட்டை வரை இடும். கிருமிகள் பலவும் வெயிலில் சில வாரங்களில் சாகும். இந்த முட்டை சாகாது. ஈரமும் நிழலும் கிடைத்தால் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வெறுங்கையோடு களையெடுக்கும் பெண்ணின் கைநகத்தில் ஏறி, அவர் குழந்தைக்கு ஊட்டும் சோற்றுக்குப் போகும். பச்சைக் கசடை நேராக நிலத்தில் விடக்கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும். நாற்றம் ஒரு காரணமே அல்ல. நாற்றம் எச்சரிக்கை செய்கிறது, முட்டை செய்வதில்லை.

இப்போது, இந்தக் கசடைப் பக்குவப்படுத்தும் நாணலுக்கு வருவோம்.

ஈர நிலத்துச் செடிகளைக் கொண்டு கழிவுநீரைத் தெளியவைக்கலாம் என்று 1950களில் ஜெர்மனியின் பிளோன் நகரில், மேக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தில் கேத்தே சைடல் என்ற பெண் விஞ்ஞானி சோதனை செய்யத் தொடங்கினார். அப்போது பலர் நம்பவில்லை. 1980களின் இறுதியிலிருந்து டென்மார்க்கில் இதே யோசனையைக் கழிவுநீருக்கு மட்டுமல்லாமல் கசடுக்கும் பெரிய அளவில் பயன்படுத்தினார்கள். அங்கே ஒரு படுகையில் எட்டுப் பத்து ஆண்டுகள் கசடை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். பிறகு ஊற்றுவதை நிறுத்தி, காயவிட்டு, இயந்திரம் இறக்கி வெட்டியெடுத்து வயலுக்குக் கொண்டுபோவார்கள்.

படுகை எப்படி இருக்கும்? அடியில் தண்ணீர் இறங்காத தளம், சிமெண்டோ கனமான பிளாஸ்டிக் விரிப்போ. அதன்மேல் வடிகுழாய்கள். குழாய்மேல் பெரிய ஜல்லி, அதற்குமேல் சின்ன ஜல்லி, கடைசியில் ஒரு சாண் உயரத்துக்கும் குறைவாக மணல். மொத்தம் முக்கால் மீட்டருக்குள் அடங்கிவிடும். அதற்கு மேலே சுவர் ஒரு மீட்டர் உயரம் எழுப்பவேண்டும், பல ஆண்டுக் கசடு அங்கேதான் சேரப்போகிறது. காற்று அடிவரை போக, நிமிர்ந்த குழாய்கள் சில. மணலில் செடி: நாணல், சம்பு, கல்வாழை, எது உங்கள் ஏரிக்கரையில் தானாக வளர்கிறதோ அது. எங்கேயோ நர்சரியில் விலை கொடுத்து வாங்கவேண்டாம்.

செடி கசடைத் தின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். தின்பதில்லை. செடி எடுத்துக்கொள்ளும் சத்து மொத்தத்தில் சிறு பங்குதான். அதன் உண்மையான வேலை வேறு. கசடு மணல்மேல் படிந்தால் தோல்போல் இறுகி, தண்ணீர் கீழே இறங்காமல் அடைத்துக்கொள்ளும். செடி இல்லாத உலர்படுகையில் இதனால்தான் ஒவ்வொரு தடவையும் காய்ந்ததைச் சுரண்டி எடுக்கவேண்டியிருக்கிறது. நாணல் நின்றால், காற்றில் தண்டு ஆடும்போது அதைச் சுற்றி ஒரு வளையம் திறக்கிறது. கிழங்கு வேர் பக்கவாட்டில் ஓடிக் கசடைப் பிளக்கிறது. அந்தப் பிளவு வழியாகத் தண்ணீர் இறங்குகிறது, காற்றும் உள்ளே போகிறது. காற்று போன இடத்தில் நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன. இலைகள் ஒரு பக்கம் தண்ணீரை உறிஞ்சி ஆவியாக்குகின்றன. ஊற்றும்போது நூற்றுக்கு இரண்டு பங்கு திடமும் மீதி தண்ணீருமாக இருந்த கசடு, நாளடைவில் மண்வெட்டியால் வெட்டியெடுக்கும் பதத்துக்கு வருகிறது.

டென்மார்க் குளிர்நாடு. நமக்கு நெருக்கமான பாடம் பாங்காக்கில் இருக்கிறது. அங்குள்ள ஆசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1997இல் தொடங்கி, சுவிட்சர்லாந்து ஆய்வாளர்களோடு சேர்ந்து, ஐந்துக்கு ஐந்து மீட்டரில் மூன்று படுகைகள் கட்டி, சம்பு நட்டு, பாங்காக் நகரத்து செப்டிக் டேங்க் கசடை வாரம் ஒருமுறை ஊற்றிப் பார்த்தார்கள். தட்டைனாய் கூட்டதெப் என்பவர் அந்தக் குழுவில் முக்கியமானவர். அவர்கள் கண்டது இரண்டு செய்தி. வெப்ப நாட்டில் ஒரு சதுர மீட்டரில் ஆண்டுக்கு 250 கிலோ வரை உலர் கசடு ஏற்றலாம். டென்மார்க்கில் 50, 60 கிலோதான் ஏற்றுகிறார்கள். இரண்டாவது, வடிகாலை முழுக்கத் திறந்துவிட்டால் வெயில் காலத்தில் சம்பு வாடிப்போகிறது. அதனால் ஊற்றிய பிறகு ஆறு நாள் வடிகாலை மூடி, வடிநீரை அடியிலேயே தேக்கிவைத்தார்கள். செடி பிழைத்தது. கசிந்து வரும் நீரில் நைட்ரஜனும் குறைந்தது. சித்திரை வெயிலில் திருப்பத்தூரில் படுகை கட்டுகிறவர் முதலில் நினைவில் வைக்கவேண்டியது இந்த ஆறு நாள் விஷயம். திட்ட வரைபடத்தில் ஒரு வால்வு கூடுதலாகப் போடவேண்டும், அவ்வளவுதான் செலவு. அதைப் போடாமல் விட்டு, பங்குனியில் செடியெல்லாம் கருகியதும் “இந்தத் தொழில்நுட்பம் நம் ஊருக்கு ஒத்துவராது” என்று அறிக்கை எழுதுவார்கள்.

எவ்வளவு இடம் வேண்டும் என்று நகராட்சிக்காரர்கள் கேட்பார்கள். ஒரு மாதிரிக் கணக்கு சொல்கிறேன், நீங்களே பென்சிலால் போட்டுப் பாருங்கள். செப்டிக் டேங்க் உள்ள 10,000 வீடுகள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுத்தால் ஆண்டுக்கு 3,300 லோடு. 300 வேலை நாள் என்றால் நாளுக்கு 11 லோடு. லோடுக்கு 4,000 லிட்டர் வைத்தால் 44,000 லிட்டர். அதில் திடப்பொருள் நூற்றுக்கு இரண்டு என்றால் நாளுக்கு 880 கிலோ, ஆண்டுக்கு 264 டன். பாங்காக் கணக்கில் ஊற்றினால் 1,056 சதுர மீட்டர் படுகை. ஊற்றாமல் ஓய்வில் இருக்கும் படுகைகளுக்காக இரட்டிப்பாக்கினால் சுமார் 50 சென்ட். எச்சரிக்கையாகச் சதுர மீட்டருக்கு 100 கிலோ என்று வைத்தாலும் ஒன்றேகால் ஒன்றரை ஏக்கருக்குள் முடிந்துவிடும். லாரி திரும்ப, வடிநீர்க் குட்டைக்கு, மட்க வைக்கும் களத்துக்கு என்று கூட ஓர் ஏக்கர். ஒரு கல்யாண மண்டபமும் அதன் கார் நிறுத்துமிடமும் பிடிக்கும் நிலம். இடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் ஒப்பமாட்டார் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

நாணல் படுகை நமக்கு வேண்டும் என்பதற்கு நான் சொல்லும் முதல் காரணம் சத்து அல்ல. கைகள். செடியில்லாத உலர்படுகையில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒருவர் இறங்கி மண்வெட்டியால் கசடைச் சுரண்டவேண்டும், அதுவும் புழு முட்டை உயிரோடு இருக்கும் கசடை. யார் இறங்குவார் என்று இந்த அவையில் எல்லோருக்கும் தெரியும். எந்தத் தெருவிலிருந்து வருவார் என்பதும் தெரியும். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்யும் இப்போதைய சட்டம் 2013இல் வந்தது. சாக்கடையிலும் தொட்டியிலும் இறங்கி இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்கிறது, மரணம் நிற்கவில்லை. நாணல் படுகையில் கசடைப் பல ஆண்டுக்கு ஒருமுறைதான் எடுக்கிறோம், அதையும் ஜேசிபி எடுக்கும். வால்வு திருப்ப, களை பிடுங்க, நாணலை அறுக்க ஆள் வேண்டும், அவருக்குக் கையுறையும் பூட்ஸும் மாதச் சம்பளமும் வேண்டும். ஆனால் கசடுக்குள் இறங்க யாரும் வேண்டாம். இந்த ஒரு காரணத்துக்காகவே செடியில்லாத படுகையைவிட இதை நான் மேலாக வைக்கிறேன்.

இதுவரை நாணலின் புகழ். இனி அதன் வரம்பு. இந்த மாவட்டத்தில் இதைப் பேசாமல் போனால் நான் வந்ததில் பொருளில்லை.

வாணியம்பாடியும் ஆம்பூரும் நம் மாவட்டத்தில் இருக்கின்றன. பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் தொழில் என்ன கொடுத்தது என்பது ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குத் தெரியும், என்ன எடுத்தது என்பதும் தெரியும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. தோல் தொழில் வட்டாரத்தில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனது என்று வேளாண் பல்கலைக்கழக ஆய்வு சொன்னதை அந்தத் தீர்ப்பு பதிவு செய்திருக்கிறது. மாசுபடுத்தியவர் விலை கொடுக்கவேண்டும் என்ற கோட்பாடு இந்திய நீதிமன்றங்களில் வேரூன்றியதற்கு அந்தத் தீர்ப்பு ஒரு பெரிய காரணம். சட்டக் கல்லூரி மாணவர் எல்லோரும் அதைப் படிக்கிறார்கள். பாதிக்கப்பட்டவர்கள் என்று பின்னர் கணக்கெடுக்கப்பட்டவர்கள் 29,000-க்கும் மேல். இழப்பீடும் ஆற்றை மீட்பதும் இன்னும் முடியவில்லை என்பதால்தான் 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஒரு நீண்ட தீர்ப்பு எழுதவேண்டியிருந்தது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டு.

தோலைப் பதனிடும் குரோமியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரு தனிமம். மட்காது, ஆவியாகாது, நுண்ணுயிர் அதை உடைக்க முடியாது. நாணல் வேர் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும், அந்த வேர் அழுகும்போது அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடும். அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. படுகையின் வெற்றியே இங்கே ஆபத்தாக மாறுகிறது. 100 கிலோ உலர் கசடு இருக்கிறது. அதில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் குரோமியம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 4 கிராம். மட்கு உரத்தில் கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கக்கூடாது என்பது நம் நாட்டு விதி. 40 என்பது அதற்குள் அடங்கிவிட்டது, பாஸ். இந்த 100 கிலோவில் 60 கிலோ மட்கும் பொருள். படுகையில் சில ஆண்டு கிடந்ததில் அதில் பாதி மட்கிக் காற்றோடு போய்விடுகிறது. மிச்சம் 70 கிலோ. குரோமியம் அதே 4 கிராம். கிலோவுக்கு 57 மில்லிகிராம். குழம்பு சுண்டச் சுண்ட உப்பு ஏறுகிறது. உள்ளே வரும்போது தேறிய கசடு, நன்றாகப் பக்குவப்பட்டு வெளியே வரும்போது தோற்றுவிடுகிறது!

ஆக, நாணலால் முடியாத வேலையை வாசலில் நிற்கிறவர்தான் செய்யவேண்டும். எந்த லாரி உள்ளே வரலாம், எது வரக்கூடாது என்று முடிவு செய்கிற வேலை. தொழிற்சாலைத் தொட்டியை இறைத்த லாரி அடுத்த தடவை வீட்டுத் தொட்டியை இறைத்துவிட்டு வந்தால், அது வீட்டுக் கசடு அல்ல. வீட்டின் பின்புறம் சாயமோ முலாமோ ஏற்றுகிற சின்னப் பட்டறை இருந்தால் அதுவும் வீட்டுக் கசடு அல்ல. தோல் தொழிற்சாலைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையக் கசடு நாணல் படுகையின் பக்கமே வரக்கூடாது. அதற்குப் பாதுகாக்கப்பட்ட குழி என்று சட்டப்படி தனி இடம் உண்டு. அந்தக் கசடை எவ்வளவு அலட்சியமாக வைத்திருந்தோம் என்பதை 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டை காட்டியது. சிட்கோ தொழிற்பேட்டையில் கசடுத் தொட்டியின் சுவர் இரவில் உடைந்தது. தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்படப் பத்துப் பேர் கசடில் புதைந்து இறந்தார்கள். மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்த பிள்ளைகள் பெரும்பாலோர்.

உப்பும் இப்படித்தான். படுகை உப்பை எடுக்காது. நம் வெயிலில் தண்ணீர் ஆவியாகிப் போவதால் வடிநீரில் உப்பு கூடவே செய்யும். வடிநீரைத் தென்னைக்கு விடலாம் என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். பாங்காக்கில் வடிநீரைச் சூரியகாந்திக்குப் பாய்ச்சிப் பார்த்தார்கள், பயிர் வந்தது. ஆனால் அங்கே மழை நம்மைவிட அதிகம். இங்கே நல்ல தண்ணீரோடு கலந்து விடவேண்டும், மாதம் ஒருமுறை மின்கடத்துத் திறன் பார்க்கவேண்டும். மண் பரிசோதனை நிலையத்தில் இருக்கும் எளிய கருவி போதும்.

நம் நாட்டில் எங்கே நடக்கிறது என்று கேட்பீர்கள். பெங்களூருக்குப் பக்கத்தில் தேவனஹள்ளியில் 2015 நவம்பரில் ஒரு நகரத்துக்கான முதல் மலக்கசடு நிலையம் தொடங்கியது. நாளுக்கு 6,000 லிட்டர் கொள்ளளவு. காய்ந்த கசடை ஊர்க் குப்பையோடு சேர்த்து மட்கவைத்து விவசாயிகளுக்குக் கொடுக்கிறார்கள். அங்கே செடி நிற்பது கசடுப் படுகையில் அல்ல, வடிநீரைத் தெளியவைக்கும் ஜல்லித் தொட்டியில். தமிழ்நாட்டின் முதல் நிலையம் மதுராந்தகம் அருகே கருங்குழியில் 2017இல் வந்தது. அதுவும் உலர்படுகை வழிதான். கசடின் மேலேயே செடி நட்ட படுகைக்கு நம் நாட்டில் நல்ல உதாரணம் எங்கே இருக்கிறது தெரியுமா? லே நகரில், லடாக்கில், 2017 முதல். குளிரில் உறையும் பாலைவனத்தில் நாணல் நிற்கிறது என்றால் திருப்பத்தூரில் நிற்காதா! ஆப்பிரிக்காவில் கேமரூன் நாட்டு யாவுண்டே பல்கலைக்கழகத்தார் படுகையில் ஒரு புல்லை வளர்த்து அறுத்து மாட்டுத் தீவனமாகச் சோதித்தார்கள். அந்தப் புல் நம் குதிரைவாலியின் சாதிதான். சாமையும் குதிரைவாலியும் தெரிந்த ஊருக்கு அந்தப் புல் அந்நியமில்லை. தீவனம் விஷயத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. இந்த மாவட்டத்தில் அதைக் கடைசியில் யோசிக்கலாம்.

மலைக்கு வருகிறேன். புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு ஊர்களுக்குப் படுகையும் வேண்டாம், லாரியும் வேண்டாம். பல ஊர்களுக்கு லாரி ஏறவும் ஏறாது. அங்கே இரட்டைக் குழிக் கழிப்பறை போதும். ஒரு குழி நிறைந்ததும் மூடிவிட்டு மற்றதற்கு மாற்றுங்கள். மூடிய குழியை இரண்டு ஆண்டு தொடாதீர்கள். பிறகு அதில் இருப்பது மண் வாசனை அடிக்கும் மட்கு, மாமரத்துக்குப் போடலாம். விதி ஒன்றுதான்: இரண்டு குழியையும் ஒரே நேரத்தில் திறந்துவிடக் கூடாது. பல இடங்களில் ஒப்பந்தக்காரர் இரண்டு குழியையும் ஒன்றாக இணைத்துவிட்டுப் போயிருக்கிறார், அதைத் திருத்த ஒரு கொத்தனாரின் அரைநாள் வேலை போதும். ஏலகிரியின் கதை வேறு. அங்கே விடுதிகள் வந்துவிட்டன. புலவர்கள், வள்ளல்கள் பெயர் தாங்கிய 14 கொண்டை ஊசி வளைவுகள் வழியாகக் கசடு லாரி இறங்குவதைவிட, மலைமேலேயே பத்து சென்டில் ஒரு சிறு படுகை கட்டுவது மலிவு. பாறை மேல் மண் மெல்லிசு, அடித்தளத்தில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்கவேண்டாம்.

அடித்தளம் பற்றி அதையே கீழே சமவெளியிலும் சொல்லவேண்டும். “ஏரியில்தான் சம்பு காடாக மண்டிக் கிடக்கிறதே, அங்கேயே விட்டால் என்ன?” என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விபோல் தோன்றும். ஏரியின் வேலை தண்ணீரைக் கிணறுகளுக்கு இறக்குவது. படுகையின் வேலை ஒரு சொட்டும் இறங்கவிடாமல் பிடிப்பது. நம் அடியில் இருப்பது பாறை, தண்ணீர் அதன் வெடிப்புகளில் ஓடுகிறது. வெடிப்பில் இறங்கிய கழிவு மண்ணில் வடிகட்டப்படாமல் அடுத்த ஊர்க் கிணற்றில் ஏறும். திருப்பத்தூர் பெரிய ஏரியில் ஒரு லாரி கசடுகூட விழக்கூடாது.

கசடை எடுத்தபிறகு என்ன? பல ஆண்டுக் கசடாக இருந்தாலும் மேலடுக்கு போன மாதம் ஊற்றியது. அதனால் ஊற்றுவதை நிறுத்திவிட்டுக் காத்திருக்கவேண்டும். நம் வெப்பத்தில் ஓராண்டுக்கு மேல் சேமித்து வைத்தால் முட்டைகள் சாகும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டுதல். உலர் கசடில் ஒரு கிராமுக்கு ஒரு முட்டைக்குக் குறைவாக இருக்கவேண்டும் என்பது அவர்கள் வைத்த அளவு. அவசரப்படுகிறவர் குப்பை மட்கோடு குவியல் போட்டு, உள்சூடு 55 டிகிரிக்கு மேல் பல நாள் நிற்கும்படி புரட்டவேண்டும். குவியலுக்குள் கையை விட்டால் சுடவேண்டும், சுடாவிட்டால் அது மட்கவில்லை, காய்ந்திருக்கிறது.

முதல் சில ஆண்டுகளுக்குக் கீரைக்கும் கேரட்டுக்கும் முள்ளங்கிக்கும் போடாதீர்கள். நிலக்கடலைக்கும் வேண்டாம், அது மண்ணுக்குள் காய்ப்பது. தென்னை, மா, மல்பெரி, வனத்துறை நாற்றங்கால், சாலையோர மரம் இவற்றில் தொடங்கலாம். பணக்கார நாடுகளும் இதில் ஒரே கருத்தில் இல்லை. டென்மார்க் கசடைப் பெருமையாக வயலுக்குக் கொண்டுபோகிறது. சுவிட்சர்லாந்து 2003இல் தடைசெய்யத் தீர்மானித்தது, சில ஆண்டுகளில் நிறுத்தியும் விட்டது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் பல ஆண்டு வயல்களில் போட்டுவிட்டு, மட்காத வேதிப்பொருள்கள் பால் வரை வந்ததைக் கண்டு 2022இல் தடைசெய்தது. கசடு போட்ட வயல்களில் சிக்கல் என்னவென்றால், போட்ட அன்று எதுவும் தெரியாது.

அதனால் வாசல் வேலையை எப்படிச் செய்வது என்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். தமிழ்நாட்டில் கசடு லாரிகளுக்கு உரிமம் கட்டாயம். உரிமத்தோடு ஒவ்வொரு லோடுக்கும் ஒரு சீட்டு வேண்டும்: எந்தத் தெரு, எந்த வீடு, எத்தனை லிட்டர், எத்தனை மணி. வீட்டுக்காரர் கையெழுத்து, ஓட்டுநர் கையெழுத்து, நிலையக் காவலர் கையெழுத்து. உள்ளே விடும்முன் ஒரு பாட்டில் மாதிரி எடுத்து எண் ஒட்டி வைக்கவேண்டும். நிறம் மாறியிருந்தால், ரசாயன நெடி அடித்தால், அமில-காரத்தன்மைப் பட்டை வழக்கத்துக்கு மாறாகக் காட்டினால், லாரியைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் அந்தக் காவலருக்கு எழுத்தில் இருக்கவேண்டும். கவுன்சிலர் போன் செய்தாலும் அந்த அதிகாரம் செல்லவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை படுகைக் கசடில் குரோமியம், ஈயம், காட்மியம், நிக்கல் பார்த்து, முடிவை நிலையத்தின் வாசல் பலகையில் எழுதிப்போடவேண்டும். உரம் வாங்க வருகிற விவசாயி அந்தப் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை உள்ளே விடவேண்டும்.

இன்னொன்று. இந்த மாவட்டத்தில் இரண்டு ஆற்றுப் படுகைகள் இருக்கின்றன. திருப்பத்தூர் நகரத்துத் தண்ணீர் பாம்பாறு வழியாகத் தென்பெண்ணைக்குப் போகிறது. வாணியம்பாடியும் ஆம்பூரும் பாலாற்றில். செலவு மிச்சம் என்று இரண்டு பக்கத்துக் கசடுக்கும் ஒரே நிலையம் கட்டலாம் என்று யாராவது யோசனை சொல்லக்கூடும். ஒப்பாதீர்கள். பாம்பாற்றுப் பக்கத்துக் கசடுக்கு இங்கே ஒரு படுகை கட்டி, அதன் உரத்தை இங்குள்ள தென்னந்தோப்புகளுக்குக் கொடுப்போம். பாலாற்றுப் பக்கத்து நகரங்களுக்கும் நாணல் படுகை கட்டலாம், கசடைக் காயவைக்கவும் கைகளைக் காப்பாற்றவும் அது அங்கேயும் உதவும். ஆனால் அங்கே காய்ந்தது தொடர்ந்து மூன்று ஆண்டு குரோமியக் கணக்கில் தேறும்வரை எந்த விவசாயியின் நிலத்துக்கும் போகக்கூடாது என்பது என் கருத்து. அங்கிருந்து வந்திருக்கும் நண்பர்களுக்கு இதில் மறுப்பு இருக்கலாம். கேள்வி நேரம் இருக்கிறது, கேளுங்கள்.